பூட்டியாயிற்று மாமா

போன ஆவணியில் சைதாப்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா ஒருவர் மாமாவின் மனநோயைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார். அக்கறையோடுதான் கேட்டார்: "எவ்வளவு நிதானமான மனிதன்! அவனுக்கு எப்படி இது வந்தது? யார் காரணம்?" என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு எதிரே காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்த அத்தை, மாமாவின் மனைவி, தம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போனார். யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் சில ஆண்டுகளாக ஒரு விடை உலவிக்கொண்டிருக்கிறது. அந்த விடை அத்தைதான். அதை உலவவிட்டவன் நான். உளவியலாளர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை நல்ல எண்ணத்தோடு வீட்டில் எடுத்துச் சொன்னேன். அது எப்படி அத்தையின் தலையில் போய் விழுந்தது என்பதை அன்றிலிருந்து நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். மனக்கோளாறுகளுக்கு உளவியல் சொல்லும் காரணங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கீழே வைத்த அந்தத் தம்ளர்தான் முதலில் கண்முன் வருகிறது.

ஆண்டர்சன் தெரு, இரவு எட்டரை

எங்கள் கடை பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையும் காகிதமும் விற்கிறோம். அந்தத் தெருவை மிதிக்காமல் நடந்த சென்னைக் கல்யாணங்கள் குறைவு. தரையிலிருந்து மச்சு வரை ரீம் கட்டுகள்; முன்னால் மாதிரிப் பத்திரிகைகள் ஒட்டிய கனத்த ஆல்பங்கள்; கல்லாவுக்கு மேலே சாமி படம். தாத்தா தொடங்கிய கடை. அம்மாவின் தம்பியான மாமா 19 வயதில் அதில் உட்கார்ந்தார். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருந்த நான் 2008-இல் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். தொழிலில் அவரைப்போல ஒருவரைப் பார்ப்பது கடினம். காகிதத்தை இரண்டு விரல்களுக்கு நடுவில் உருட்டி, எத்தனை ஜிஎஸ்எம் கனம் என்று சொல்லிவிடுவார். பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டு வரும் சம்பந்திகளை உட்காரவைத்து, மோர் வாங்கிக்கொடுத்து, இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் ஒரு வரிசையை எழுதிக்கொடுப்பார்.

இரவு எட்டரைக்குக் கடை அடைப்போம். சாயங்காலம் ஏற்றிய ஊதுபத்தி எப்போதோ அணைந்திருக்கும். மாமா அதன் சாம்பலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பிறகு குச்சியை எடுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் போடுவார். மெயின் சுவிட்சை இறக்குவார். ஷட்டரை இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் திண்டுக்கல் பூட்டு போடுவார். சாவியைத் திருப்பியதும் பூட்டைப் பிடித்து மூன்று முறை இழுப்பார். நான் சேர்ந்த காலத்தில் அவ்வளவுதான். கடைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான் என்று இருந்தேன். அடுத்த ஆண்டு, பீச் ஸ்டேஷன் வாசல்வரை நடந்துவிட்டு, "ஒரு நிமிஷம் மாப்பிள்ளை" என்று திரும்பி நடந்தார். பிறகு ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கித் திரும்பினார். பிறகு பார்க் ஸ்டேஷனில். ஒரு நாள் நுங்கம்பாக்கம்வரை வந்துவிட்டுத் திரும்பினார். வந்து நின்றதும் பூட்டை இழுத்துப் பார்ப்பது போதவில்லை. ஷட்டரைத் தூக்கி, உள்ளே போய், டார்ச் அடித்து, அந்தத் தம்ளரில் கிடக்கும் நனைந்த குச்சியைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. தொட்டுவிட்டு வெளியே வந்து பூட்டினால், உள்ளே போனபோது டார்ச்சை எங்கேயாவது எரியவிட்டு வைத்துவிட்டோமோ என்று புதிதாக ஒன்று முளைக்கும்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. அன்று கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டோம். சாயங்காலம் காற்று நின்றது. ரயில் இல்லை, பஸ் இல்லை, மின்சாரம் இல்லை. வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது மாமாவைக் காணவில்லை. சைதாப்பேட்டையிலிருந்து பாரிமுனை பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே போய்விட்டு, விடியற்காலை மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். முழங்காலில் சிராய்ப்பு. அத்தை வெந்நீர் வைத்துக் கழுவிவிட்டார். "போய்ப் பார்த்தாயிற்று அல்லவா? இனிமேல் தூங்குங்கள்" என்றார். மாமா சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை: "கண்ணால் பார்த்தேன். பார்த்தது மனதில் உட்காரவில்லை."

நான் கட்டிய கதைகள்

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்றார் பாட்டி. யாரோ தொழில் பொறாமையில் ஏதோ செய்துவிட்டார்கள் என்றார் பெரியம்மா. குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைக்கலாம் என்று பேச்சு வந்தது. கடையை 48 நாள் விட்டுவிட்டு மாமா வரமாட்டார் என்பதால் நின்றுபோனது. மருத்துவரிடம் போகலாம் என்று நான் சொன்னபோது அத்தை காதைப் பொத்திக்கொண்டார். நம் ஊரில் கீழ்ப்பாக்கம் என்ற சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை; எத்தனையோ தலைமுறைகளைக் குணப்படுத்தி அனுப்பியிருக்கிறது. அதன் முகவரியை நாம் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டும் வசவாக ஆக்கிவைத்திருக்கிறோம். அத்தையின் பயம் அந்த வசவிலிருந்து வந்தது.

எனக்குப் படிப்பு இருக்கிறது என்ற எண்ணம் இருந்தது. அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் பிறழ்நிலை உளவியல் பாடப்புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். பக்கத்துக்குப் பக்கம் யாரோ ஒரு மாணவி பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார். முதலில் நடத்தையியல். 1920-இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் 11 மாதக் குழந்தை ஒன்றிடம் வெள்ளை எலியைக் காட்டினார்கள். குழந்தை பயப்படவில்லை. பிறகு எலியைத் தொடும்போதெல்லாம் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளில் எலியைக் கண்டாலே குழந்தை அலறியது. பயம் கற்றுக்கொள்ளப்படுகிறது என்பது பாடம். (அந்தக் குழந்தையின் பயத்தைப் போக்காமலே விட்டுவிட்டார்கள் என்ற வரியை அந்த மாணவி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். அவர்மீது எனக்கு மரியாதை வந்தது.) படித்ததும் எனக்கு மூர் மார்க்கெட் நினைவுக்கு வந்தது. இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம் நிற்கும் இடத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து போனது. அப்போது மாமாவுக்கு 23 வயது. தீ அணைந்த பிறகு போய்ப் பார்த்திருக்கிறார். கருகிய புத்தகங்களிலிருந்து காற்றில் எழுந்த காகிதச் சாம்பலைப் பற்றி அவர் சொல்ல நானே பலமுறை கேட்டிருக்கிறேன். காகிதம், தீ, கடை. எல்லாம் பொருந்தியது. காரணத்தைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த அத்தியாயத்தில் ஃபிராய்ட். 1909-இல் அவர் எழுதிய 'எலி மனிதன்' வழக்கு அப்படியே மாமாவின் நோய். அந்த இளைஞர் ஒரு நாள் தெருவில் நடக்கும்போது ஒரு கல்லில் கால் இடறுகிறது. தான் நேசிக்கும் பெண்ணின் வண்டி அந்த வழியாக வருமே, கல்லில் மோதிவிட்டால் என்ன ஆவது என்று கல்லை எடுத்து ஓரமாக வைக்கிறார். சற்று நேரத்தில் இது அபத்தம் என்று தோன்றுகிறது. திரும்பிப் போய்க் கல்லை மறுபடியும் பழைய இடத்திலேயே வைக்கிறார். ஃபிராய்டின் விளக்கம்: நேசம் கல்லை எடுத்தது, அந்த நேசத்துக்கு அடியில் மறைந்திருக்கும் பகை அதைத் திருப்பி வைத்தது. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மாமா ரயில்வேயில் சேர ஆசைப்பட்டவர். தாத்தாதான் பிடிவாதமாகக் கடையில் உட்காரவைத்தார். அப்படியானால் கடை எரிந்துவிடுமோ என்ற பயத்துக்கு அடியில், அது எரிய வேண்டும் என்ற ஆசை இருக்கிறதா?

இதை நான் மாமாவிடம் சொன்னேன். என் வாழ்வில் நான் செய்த பெரிய தவறுகளில் அது ஒன்று. மிக மென்மையாகத்தான் சொன்னேன்: "உங்களை அறியாமலே இந்தக் கடைமேல் உங்களுக்கு ஒரு கோபம் இருக்கலாம் மாமா." அவர் அன்று பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கடை திறந்ததும் தீப்பெட்டியைக் கடைப் பையனிடம் கொடுத்தார். இனிமேல் நீதான் ஊதுபத்தி ஏற்ற வேண்டும் என்றார். பிறகு என்னைத் தனியாக மச்சுக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நானே கொளுத்திவிடுவேன் என்றா நினைக்கிறாய்?" அவருடைய கை நடுங்கியது. அன்று இரவு ஐந்து முறை திரும்பிப் போனோம். அதுவரை தீயைக் கண்டு பயந்தவர், அதன் பிறகு தன்னைக் கண்டும் பயப்படத் தொடங்கினார்.

நான் கட்டிய இரண்டு கதைகளையும் அம்மா ஒரே வாக்கியத்தில் உடைத்துப் போட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "அவன் எட்டாவது படிக்கும்போதே கதவுக் கொண்டியைப் போட்டுவிட்டுப் படுத்தால் நாலு தடவை எழுந்து பார்ப்பானே." எட்டாவது படிக்கும்போது மூர் மார்க்கெட் எரியவில்லை. ரயில்வே ஆசை வரவில்லை. கடையில் உட்காரவும் இல்லை.

எத்தனை முறை சொல்கிறீர்கள்?

2019-இல் ஒருவழியாக அத்தை சம்மதித்தார். மனநல மருத்துவர் மாமாவிடம் முக்கால் மணி நேரம் பேசினார். எண்ணச் சுழற்சி நோய் என்றார், ஓ.சி.டி. என்று இப்போது பத்திரிகைகளிலும் எழுதுகிறார்களே, அதுதான். இந்த நோய் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு, இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்று காட்டுகின்றன, மாத்திரை பலருக்கு உதவுகிறது என்று விளக்கி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு உளவியலாளரிடமும் அனுப்பினார். அந்த அம்மையாரின் அறை நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. நான் என் பாடப்புத்தக அறிவையெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாமாவிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை பூட்டைப் பார்க்கிறார் என்று கேட்டார். மாமா தயங்கினார், நான் சொன்னேன். வழி, நேரம், எண்ணிக்கை எல்லாம் எனக்கு அத்துப்படி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எத்தனை முறை சொல்கிறீர்கள்?"

எனக்குப் புரியவில்லை.

"பூட்டியாயிற்றா என்று அவர் உங்களிடம் கேட்பார் அல்லவா? பூட்டியாயிற்று என்று நீங்கள் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறீர்கள்?"

11 ஆண்டுகளாக அவர் பக்கத்தில் நிற்கிறேன். அதை நான் எண்ணியதில்லை. அடுத்த ஒரு வாரம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வரச் சொன்னார். நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, ரீம் எண்ணுவதுபோல எண்ணினேன். செவ்வாய்க்கிழமை 41. சனிக்கிழமை, முகூர்த்த நெரிசல், 58. கடை வாசலில், நடைபாதையில், டிக்கெட் வரிசையில், ரயிலில், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது. "பூட்டியாயிற்று மாமா." இவ்வளவு முறை சொன்ன ஒரு வாக்கியம் ஒரு முறையாவது அவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் அமைதியாக வைத்திருந்ததா என்று அந்தக் கோடுகளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட மட்டும் சொல்கிறேன். ஒரு நோயைத் தொடங்கிவைத்தது ஒன்றாக இருக்கலாம்; அதை இன்று நடத்திக்கொண்டிருப்பது வேறொன்றாக இருக்கலாம். தொடங்கிவைத்ததைத் தோண்டிக்கொண்டே போகலாம், அடி தட்டுப்படாது. நடத்திக்கொண்டிருப்பதோ இன்று ராத்திரி எட்டரைக்குக் கடை வாசலில் நம் கண்முன்னால் நடக்கிறது. 1947-இலேயே மவுரர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார்: பயம் ஒரு வழியில் கற்றுக்கொள்ளப்படுகிறது; அந்தப் பயத்திலிருந்து தப்பிக்க நாம் செய்யும் செயல் கொஞ்சம் நிம்மதி தருகிறது; அந்த நிம்மதியே பரிசாகி, அதே செயலை மறுபடியும் செய்யத் தூண்டுகிறது. மாமாவுக்குப் பூட்டை இழுப்பது நிம்மதி. என் வாக்கியமும் நிம்மதி. அந்த நிம்மதி தீர்ந்ததும் மறுபடியும் ஒன்று வேண்டும்.

'தீ பிடித்தால்?' என்ற நினைப்பு மாமாவுக்கு மட்டும் வருவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 1978-இல் ஸ்டான்லி ராக்மனும் இலங்கைக்காரரான பத்மல் டி சில்வாவும் எந்த மனநோயும் இல்லாத மனிதர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு இப்படிப்பட்ட வேண்டாத நினைப்புகள் வந்து போயின. நோயாளிகளின் நினைப்பையும் இவர்களின் நினைப்பையும் எழுதிக் கலந்து வைத்தால், எது யாருடையது என்று பிரிப்பது துறை அறிந்தவர்களுக்கே எளிதாக இல்லை. வேறுபாடு நினைப்பு வந்த பிறகு தொடங்குகிறது. 1985-இல் பால் சால்கோவ்ஸ்கிஸ் அதை இன்னும் கூர்மையாகச் சொன்னார்: இந்த நோய் உள்ளவர், வந்துபோகும் நினைப்பைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறார், நினைப்பு வந்துவிட்டது, இனி நான் எதுவும் செய்யாமல் இருந்து ஏதாவது நடந்தால் அது நான் செய்த குற்றம் என்று எண்ணுகிறார். சம்பந்திச் சண்டையைக்கூடத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் மாமாவை இதைவிடச் சரியாக யாரும் எழுதிவிட முடியாது. ஃபிராய்டின் கதையைச் சொல்லி நான் அவர்மேல் ஏற்றிவைத்ததும் இதே பொறுப்பைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு ஆய்வு, 2003-இல் நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹௌட், மெரெல் கிண்ட் என்ற இருவர் செய்தது. ஆரோக்கியமான ஆட்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்ப அணைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசி முறை எந்தெந்தக் குமிழைத் திருப்பினோம் என்பதை அவர்கள் ஏறக்குறையச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு மங்கலாகிப்போய், தங்கள் ஞாபகத்தின் மேலேயே அவர்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. சரிபார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்கவில்லை, வளர்த்தது. இதை உளவியலாளர் சொன்னபோது நான் மாமாவைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அதுதான் மேடம், அதேதான்" என்றார். வர்தா ராத்திரியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் சொன்னது இதுதானே. பார்த்தது மனதில் உட்காரவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் தன் நோயைத் தானே சரியாகச் சொல்லியிருக்கிறார். நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

காரணம் என்ற சொல்

நான் வழுக்கி விழுந்தது இதற்குப் பிறகுதான். நுங்கம்பாக்கத்திலிருந்து வந்த அன்று இரவே வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினேன். கண்டுபிடித்துவிட்ட உற்சாகம். நாம் ஆறுதல் சொல்லச் சொல்ல நோய் வளர்கிறது. இனி யாரும் பதில் சொல்லக் கூடாது என்றேன். கடையில் சொன்னவன் நான். வீட்டில் சொன்னவர் அத்தை. மாமா ரயிலில் இருக்கும்போது போனில் கூப்பிட்டு, "கேட்டுவிட்டேன், பூட்டியாயிற்றாம், நீங்கள் நேராக வீட்டுக்கு வாருங்கள்" என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சொல்வது அவர் வழக்கம். எத்தனையோ இரவுகள் மாமா வீடு வந்து சேர்ந்தது அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான். பெரியம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் கேட்டார்: "அப்படியென்றால் இவள் சொல்லிச் சொல்லித்தான் முற்றவைத்தாளா?" நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "அப்படி இல்லை பெரியம்மா, ஆனால் ஒரு வகையில்..." என்று இழுத்தேன். அந்த 'ஒரு வகையில்' ஒரே மாதத்தில் திருத்தணிவரை போய்விட்டது.

தமிழில் காரணம் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. மழை பெய்ததற்கும் காரணம் உண்டு. குடும்பம் பிரிந்ததற்கும் காரணம் உண்டு. முதலாவதைச் சொல்லும்போது யார் முகமும் வாடாது. இரண்டாவதில், 'அவள்தான் காரணம்' என்றால் தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று என்று பொருள். உளவியலாளர் தன் அறையில் முதல் பொருளில் சொன்னார். சைதாப்பேட்டை வந்து சேர்வதற்குள் அது இரண்டாவது பொருளாகிவிட்டது. இது எங்கள் வீட்டுக் குறை மட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் படித்தபோது, படித்த மேதைகளின் துறையிலேயே இது நடந்திருப்பது தெரிந்தது. 1948-இல் ஃபிரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு சொல்லை உருவாக்கினார். அவர் கருணையற்றவர் அல்லர். தீராது என்று கைவிடப்பட்ட நோயாளிகளோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசியவர். ஆனால் அந்த ஒரு சொல்லைத் தாங்கிக்கொண்டு ஒரு தலைமுறைத் தாய்மார்கள் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் தலைகுனிந்து நின்றார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் அம்மாக்களைப் பாசமற்ற குளிர்சாதனப் பெட்டிகள் என்றார்கள்; புரூனோ பெட்டல்ஹைம் 1960-களில் அதைப் பரப்பினார். 1964-இல் அதை எதிர்த்து எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட் உளவியலாளர். அதற்கு முன்னால் அப்படிப்பட்ட ஒரு மகனின் அப்பா. தன் மனைவி குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதை ஒவ்வொரு நாளும் பார்த்தவர். பின்வந்த ஆராய்ச்சிகள் அந்த இரண்டு விளக்கங்களையும் தள்ளிவிட்டன. தள்ளப்பட்டபோது அந்தத் தாய்மார்கள் பலருக்கு வயதாகியிருந்தது. அவர்களிடம் யாராவது போய்ச் சொன்னார்களா?

அதனால் உளவியல் விளக்கமே வேண்டாம், எல்லாம் மூளையின் ரசாயனம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பழி இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. மாத்திரை மாமாவின் பதற்றத்தைத் தணித்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் என் 58 கோடுகள் உண்மை. அவற்றை அழித்துவிட்டால் மாமாவுக்குச் செய்யக்கூடிய உதவியும் சேர்ந்து அழிந்துவிடும். அந்தக் கோடுகள் அத்தனையும் நான் சொன்னவை. அத்தை போனில் சொன்னதைவிட நான் நேரில் சொன்னது பலமடங்கு. இருந்தும் குடும்பம் என்னை ஒரு நாளும் காரணம் என்று சொல்லவில்லை. பாவம், பிள்ளை கூடவே இருந்து பார்த்துக்கொண்டான் என்றது. ஒரே வாக்கியத்தை இருவர் சொன்னால், அதில் பெண் சொன்னது மட்டும் நோயாகிறது. இதை நான் கவனிக்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின. கவனித்த பிறகு பெரியம்மாவிடம் போய், அந்தப் பில் புத்தகத்தையே எடுத்துக் காட்டினேன். அவர் கோடுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, விடு" என்றார். திருத்தணிவரை போனதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

எட்டரைக்குப் பிறகு

சிகிச்சை முறை பழையது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் தொடங்கியது. பயத்தின் எதிரே நிற்க வேண்டும்; வழக்கமான பரிகாரத்தைச் செய்யாமல் நிற்க வேண்டும்; பதற்றம் தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சொல்வதற்கு மூன்று வாக்கியம். செய்வதற்கு எங்களுக்கு இரண்டு மழைக்காலம் ஆனது. முதல் படி, பூட்டை ஒரே ஒரு முறை இழுப்பது. மாமா பூட்டிலிருந்து கையை எடுத்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டார், எடுத்தார், மறுபடியும் விட்டார். என்னிடம் கேட்டார்: "பூட்டினோமா மாப்பிள்ளை?" எனக்கு நாக்கு நுனியில் அந்த வாக்கியம் நின்றது. பேசி வைத்துக்கொண்ட பதிலைச் சொன்னேன்: "இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்தோமே மாமா." என் குரல் எனக்கே கல்போலக் கேட்டது. அவர் முகத்தில் வியர்வை அரும்பியதைத் தெருவிளக்கில் பார்த்தேன். 11 ஆண்டுகளாக நான் சொன்ன பதில் அவருக்காக மட்டும் இல்லை, இந்த முகத்தைப் பார்க்காமல் தப்பிப்பதற்காகவும்தான் என்பது அந்த வாசலில் நின்றபோது தெரிந்தது. எனக்கும் அது நிம்மதி தந்துகொண்டிருந்தது. இருபது நிமிடம் பேசாமல் நின்றோம். பக்கத்துக் கடைக்காரர் போகிற போக்கில், "என்ன, சாவி தொலைந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அத்தைக்கு இது என்னைவிடக் கடினமாக இருந்தது. போனில் கேள்வி வரும்போது பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் போனை வைத்துவிடவும் கூடாது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாமா பூட்டைப் பற்றிக் கேட்டதும், அன்று என்ன சமையல் என்று சொல்லத் தொடங்குவார். கத்தரிக்காய் எப்படி இருந்தது, புளி எவ்வளவு கரைத்தேன் என்று விடாமல் சொல்லிக்கொண்டே போவார். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம். உளவியலாளரிடம் இதைச் சொன்னபோது அவர், இதுவும் நாளடைவில் இன்னொரு ஆறுதலாக மாறிவிடக்கூடும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள் என்றார். குறைத்தார்.

அன்று கல்யாண மண்டபத்தில் பெரியப்பாவுக்கு நான் பதில் சொன்னேன். யாரும் இல்லை என்று தொடங்கினேன். "காரணம் இல்லாமல் ஒன்று வருமா?" என்றார். எட்டாவது படிக்கும்போது போட்ட கொண்டியிலிருந்து பில் புத்தகம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன எண்ணிக்கையைச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். தூணுக்கு அந்தப் பக்கம் அத்தை நிற்பது தெரிந்தது. பெரியப்பாவுக்கு எவ்வளவு புரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. "எல்லாம் நேரம்" என்று எழுந்து கைகழுவப் போனார்.

முதல் வரிசையில், மேடைக்கு எதிரே மாமா உட்கார்ந்திருந்தார். அன்று கடையை அடைத்தது கடைப் பையன். மாமா இல்லாமல் அந்த ஷட்டர் இறங்கியது 40 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. பூட்டியதும் எங்கள் யாருக்கும் போன் செய்யக் கூடாது என்று பையனிடம் மாமாவே சொல்லியிருந்தார். எட்டரை ஆனது. மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். உள்ளே வைத்தார். எட்டு நாற்பதுக்கு மறுபடியும் எடுத்தார். நம்பரைத் தேடி விரல் திரையின்மேல் நின்றது. அத்தை எப்போது வந்தார் என்று நான் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் பாட்டு மாறியது. ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் மாமா போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மணப்பெண்ணின் தம்பி யார் என்று அத்தையிடம் விசாரித்தார்.